ஆறடி

டொக்டர் சொன்னது ரெண்டடி.
சந்தேகத்துக்குச் சுகிர்தமலர் கூட்டினது நாலடி.
கொக்குவில் பட்டறைச் சீமெந்துத் தரையில்
வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு.
கோட்டுக்கு இஞ்சாலை நான்,
அங்காலை என்ரை முப்பத்தொரு வருசம்.

கஜீபன் ஒரு கேற்றுக்குப் பூ ஒட்டுறான்.
நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேக்கிறன்:
அப்பளம் பொரியிற மாதிரி எண்டால் ஒட்டுச் சரி,
துப்பினால் கறன்ற் கூட.
"குறை!" எண்டு கத்துறன்.
குறைக்கிறான்.

நிமிசத்துக்கு முப்பத்திநாலு.
அவ்வளவுதான் அடிச்சுக்கொண்டு கிடந்தது.
ஸ்ரான்லி வீதியில் ஒரு கடை வாசலில்
ஆணிப் பெட்டியோடை விழுந்தன்.
விழுந்தது தெரியாது.
முழிச்சபோது முகம் தெரியாத ஆரோ ஒராள்
ஆணிகளை ஒண்டொண்டாய்ப் பொறுக்கி
என்ரை சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியில்
இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழை வெட்டி
தீப்பெட்டி அளவு மிசின் ஒண்டை வைச்சு
நரம்புக்குள்ளாலை ரெண்டு வயர் விட்டினம்.
நானும் வேலை தெரிஞ்சவன்.
அந்த வேலையைக் குறை சொல்லேலாது.

ஆனாலும் நாலாங் கிழமை காயம் சிவந்து,
சுட்டு, சீழ் பிடிச்சு,
வைச்சதெல்லாத்தையும் திருப்பிக் கழட்டி,
கட்டில் பன்னிரண்டில்
வெளியிலை தொங்கின ஒரு பெட்டியில் கறன்ற் எடுத்துக்கொண்டு
ரெண்டு கிழமை என்ரை நெஞ்சு ஓடினது.
பேந்து வலப்பக்கம், புதுசாய்.
"பூட்டு மாத்தின கேற்று மாதிரி இருக்கிறியள்"
எண்டாள் மனிசி,
பழைய துளையைத் தடவிக்கொண்டு.

இப்ப சுன்னாகம் சந்தை மட்டும் சைக்கிள்.
இடையிலை இறங்கிறதில்லை.

கிளினிக்கில் ஒரு பிள்ளை
நெஞ்சிலை வட்டமாய் ஒண்டை வைச்சு
கொம்பியூட்டரைத் தட்டுறா.
"தொண்ணூறாக்கிறன் ஐயா, தெரியுதோ?"
தெரியுது.
பயப்பிட ஒண்டுமில்லை, ஆசைப்பட ஒண்டுமில்லை,
ஹெலி இல்லை, ஆரும் துரத்தேல்லை,
கதிரையில் சும்மா இருக்கிறன்,
நெஞ்சு ஓடுது.
"சரி, திருப்பி அறுபது" எண்டா.
வீடு வந்த மாதிரி இருந்தது.

எக்ஸ்ரேயில் ரெண்டு வெள்ளை.
மேலை இருக்கிறதுக்கு இலக்கம் இருக்கு,
கம்பனி இருக்கு, எட்டு வருசப் பற்றரி இருக்கு,
பேர்சுக்குள்ளை அட்டை இருக்கு.
கீழை, விலாப் பக்கம்,
சோளப்பொரி அளவில் கிடக்கிறது
தொண்ணூற்றஞ்சில் வந்தது.
நாரி நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கேலுமோ எண்டு கேட்டன்.
மிசினுக்குப் பிரச்சினை இல்லையாம், அட்டையில் போட்டிருக்காம்.
மற்றது என்ன உலோகம்?
ஆர் செய்தது?
எனக்கெப்பிடித் தெரியும் டொக்டர்,
அது அட்டை இல்லாமல் வந்தது.

நாரி நோகட்டும்.

ஓடர் கொப்பியின் கடைசி ஒற்றையில்
மனிசி எழுதி வைச்சிருக்கிறாள்:
எரிக்க முன்னம் மிசினைக் கழட்டவேணும், வெடிக்கும்.
கீழை நான் ஒரு வரி சேர்த்தன்:
கோம்பயன் மணலில் சாம்பல் அள்ளேக்கை
பட்டறைக் காந்தத்தைக் கொண்டுபோங்கோ.
ஒட்டினால் இரும்பு.
டொக்டருக்கும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ.
அவள் அதை வாசிச்சுப்போட்டு
ரெண்டு நாள் கதைக்கேல்லை.

மழைக்குத் தூவானம் அடிச்சு,
கஜீபன் கூட்டி,
கிழமைக்கொருக்கால் கோடு அழியும்.
திருப்பிக் கீறுறது நான்தான்.
ஒவ்வொருமுறையும்
ஒரு விரல் அளவு அங்காலை.

மனிசி அளக்கேல்லை.
இல்லாட்டி
அளந்துபோட்டுப் பேசாமல் இருக்கிறாள்.